நோட்டில் ஏறாத கூலி

வீட்டில் ஆட்டினால் மிச்சமா, கடையில் வாங்கினால் மிச்சமா என்ற கேள்வி 1970-களின் ஈரோட்டில் யாருக்கும் எழுந்ததில்லை. கடையில் இட்லி மாவு என்று ஒன்று இருந்தால்தானே எழுவதற்கு! மாவை விலைக்கு வாங்கி வந்தேன் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொல்லியிருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்திருப்பார்கள், வரும்போதே ஒரு தூக்குவாளியில் அவர்கள் வீட்டு மாவையும் கொண்டு வந்திருப்பார்கள். அந்த வயதுக்காரர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் அப்படியொரு தெருவும் அப்படியொரு தூக்குவாளியும் ஞாபகம் வரும்.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது மில்லுக்குப் போகும் நாள். வரமிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் இரண்டு நாள் காய, காக்கை விரட்டும் உத்தியோகம் எனக்கு. பிறகு அம்மா துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, விரலி மஞ்சளைத் தட்டிப் போட்டு, மூடி போட்ட டப்பாவில் கொடுத்தனுப்புவார். மில்லில் பெரிய மெஷினின் வார் சுற்றுகிற சத்தத்தில் பேச்சு காதில் விழாது, ஆனாலும் வரிசையில் நிற்கும் பெண்கள் ஒருவரிடம் ஒருவர் கத்திக் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் எப்போதும் கேட்கும்: "இதுக்கு முன்னால என்ன அரைச்சீங்க?" மிளகாய்க்கு அடுத்து யாரும் தன் கோதுமையைப் போட விரும்புவதில்லை, சீயக்காய்க்கு அடுத்து யாருமே எதையும் போட விரும்புவதில்லை. மில்காரர் மெஷின் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயைத் தட்டித் தட்டிக் கடைசிப் பொடியையும் உதிர்த்துக் கொடுப்பார். டப்பா கையைச் சுடும். வழியெல்லாம் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்தால், அம்மா நியூஸ்பேப்பரை விரித்து நிழலில் பொடியைக் கொட்டி ஆறவிடுவார், அந்தத் தாளில் பாதி படித்த கிரிக்கெட் செய்தி பொடிக்கடியில் மறைந்துபோகும். வீடு முழுக்க அன்று ஒரு வாசனை இருக்கும். இன்று பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது வருவதும் நல்ல வாசனைதான், ஆனால் அது அடுப்படியைத் தாண்டி வாசல்வரைக்கும் வருவதில்லை.

ஆட்டாங்கல்லுக்கு வருவோம். சாயந்திரம் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா முதலில் உளுந்தைப் போடுவார். வலது கை குழவியைச் சுற்ற, இடது கை குழிக்கும் குழவிக்கும் நடுவில் நுழைந்து மாவைத் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றில் அரைக் கணம் பிந்தினால் விரல் நசுங்கும், ஆனால் அம்மா அதைப் பார்த்துச் செய்ததே இல்லை, பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டே செய்வார். தண்ணீர் தெளிப்பது என் வேலை. எப்போது தெளிக்க வேண்டும் என்று அம்மா சொல்லமாட்டார், குழவியின் சத்தம் கனத்தால் தெளிக்க வேண்டும் என்று நானே புரிந்துகொண்டதில் எனக்கு அப்போது ஏகப்பட்ட பெருமை. உளுந்து பொங்கி வந்ததும் ஒரு துளியை எடுத்து டம்ளர் தண்ணீரில் விடுவோம், மிதந்தால் பதம். பிறகு அரிசி, கல் உப்பு, கடைசியில் கையை விட்டு முழங்கை வரைக்கும் ஒரு கலக்கல். மறுநாள் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழுந்திருக்கும்.

இந்த ஞாபகத்தையெல்லாம் அமுச்சியிடம் சொன்னால், அதாவது அம்மாவைப் பெற்றவரிடம் சொன்னால், அவருக்கு இது பெரிய விஷயமாகவே படாது. "தினமும் இட்லியா? அதெல்லாம் தீவாளிக்குத்தாங் கண்ணு. எங்களுக்குக் கம்பு குத்தித்தான் சோறு. நெல்லு மில்லுக்குப் போனதே என்ற காலத்துல சொகுசு" என்பார். பெருந்துறைக்குப் பக்கத்தில் அவர் ஊரில் விடிவதற்கு முன்னால் உரலும் உலக்கையும் பேச ஆரம்பித்துவிடுமாம். ராகியைத் திரிகையில் திரித்துக் களி, சோளத்தை இடித்துச் சோறு, இட்லியும் தோசையும் பண்டிகைக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் பலகாரங்கள். அம்மா மில்லில் பொடி அரைத்ததே அமுச்சிக்குச் சோம்பேறித்தனம், நான் பாக்கெட் பொடி வாங்குவது அம்மாவுக்குச் சோம்பேறித்தனம். எது கைச்சமையல், எது கடைச்சரக்கு என்ற கோட்டை ஒவ்வொரு தலைமுறையும் தன் வயதில் போட்டுக்கொண்டு, அதற்கு அப்பால் இருப்பதையெல்லாம் வீண் செலவு என்று சொல்லி வந்திருக்கிறது. இட்லி வீடுதோறும் தினப்படி உணவாக மாறியதில் மெஷினுக்கும் பெரிய பங்கு உண்டு. கோயம்புத்தூர் சபாபதி 1955-இல் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கியிருக்காவிட்டால், நாம் பாரம்பரியம் என்று கொண்டாடும் காலை இட்லி பல வீடுகளில் இன்னும் தீபாவளிக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவர். வீட்டுக்கும் நீள நோட்டில் வரவு செலவு எழுதுவார், தீப்பெட்டி வாங்கினால்கூட எழுதுவார். அவர் போன பிறகு அந்த நோட்டுகளைப் புரட்டியபோது ஒரு மாதத்துப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தங்கை பிறந்த மாதம் அது. இட்லி அரிசி, உளுந்து, சீமெண்ணெய், ஆட்டாங்கல் கொத்தியது என்ற வழக்கமான வரிகளோடு, அந்த மாதம் மட்டும் புதிதாக இன்னொரு வரி: "மாவாட்ட ஆள் கூலி." அம்மா படுத்திருந்த நாட்களில் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் வந்து ஆட்டிக் கொடுத்திருக்கிறார், அவருக்குக் கொடுத்ததை அப்பா நேர்மையாக எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் அந்த வரி இல்லை. மாவு அதேதான், கல் அதேதான், நேரமும் அதேதான். அம்மா எழுந்து உட்கார்ந்ததும் அந்த வேலைக்கு விலை இல்லாமல் போய்விட்டது. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தக் காலத்தில் எந்த வீட்டு நோட்டிலும் வீட்டுப் பெண்ணின் வேலைக்கு ஒரு வரி இருந்திருக்காது. ஆனால் வீட்டுச் சமையல் எவ்வளவு மலிவு என்று நாம் பேசும்போதெல்லாம் அந்த ஒரு வரிதான் எனக்குக் கண்முன் நிற்கிறது.

அதன்பின் எல்லாம் மெல்ல மெல்ல மாறியது. கிரைண்டர் வாங்கிய வீட்டு வாசலில் 'இங்கு மாவு அரைத்துக் கொடுக்கப்படும்' என்று பலகை தொங்கியது, நாம் ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் கொண்டுபோய்க் கொடுத்து, படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வாங்கி வந்தோம். கொஞ்ச காலத்தில் அந்த வீட்டுக்காரர்களே அரிசி போட்டு அரைத்து, நம் பாத்திரத்தில் லிட்டர் கணக்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். பிறகு பாத்திரம் பாலித்தீன் பையானது, பை அச்சடித்த பாக்கெட்டானது. பெங்களூரில் அவசரநிலைக் காலத்து விலைக்கட்டுப்பாட்டில் ஓட்டல் நடத்த முடியாமல் திணறிய எம்.டி.ஆர். ரெடிமேட் மாவுகளைப் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கியதும், எங்கள் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரமாக 1975-இல் ஆரம்பித்த சக்தி மசாலா வீட்டுக்கு வீடு பொடி டப்பாவுக்குள் நுழைந்ததும் நம் கண்முன் நடந்தவை. 2011-இல் அரசே விலையில்லா கிரைண்டரும் மிக்ஸியும் கொடுத்தது. அதற்குள் பல வீடுகளில் காலை இட்லிக்குப் பாக்கெட் மாவு பழகியிருந்தது, புதுக் கிரைண்டரின்மேல் துணிக்கூடையை வைத்தார்கள்.

இப்போது கணக்கைப் போட்டுவிடுவோம், அப்பாவின் மகன் கணக்குப் போடாமல் எழுதக்கூடாது. ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உருட்டு உளுந்து 35 ரூபாய், வெந்தயம், உப்பு, கரண்டு எல்லாம் சேர்த்து ஒரு 5 ரூபாய். 90 ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்று கிலோ மாவு வரும், அதில் 60 இட்லி வரை ஊற்றலாம். ஆக ஒரு இட்லி ஒன்றரை ரூபாய். அதே மூன்று கிலோவைப் பாக்கெட்டாக வாங்கினால் 180 ரூபாய் வரை ஆகும், இட்லி மூன்று ரூபாய். கேஸ் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான், பாக்கெட் மாவு தானாக வெந்துவிடுவதில்லை. சுமாரான ஓட்டலில் இட்லி பத்து, பதினைந்து. போனில் சொல்லி வரவழைத்தால் டப்பாவுக்கும் கொண்டு வருகிறவருக்கும் சேர்த்து அதற்கும் மேல். ரேஷனில் வாங்கும் விலையில்லாப் புழுங்கலரிசியைப் போட்டு ஆட்டும் வீடுகளில் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். கடையில் அரிசி வாங்கி ஆட்டும் வீட்டையும் ஜெயிக்கும் ஒரே இடம் 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம். அங்கே இட்லி ஒரு ரூபாய், மீதியை அரசு போடுகிறது.

ஆகவே மிச்சம் உண்மைதான், அதை மறுக்க முடியாது. ஓட்டலோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சம், பாக்கெட்டோடு ஒப்பிட்டால் ஓர் ஈட்டு மாவுக்கு 90 ரூபாய். அந்த 90 ரூபாய்க்கு வீட்டில் ஒருவர் அரிசி களைந்து, உளுந்து கழுவி, கிரைண்டர் பக்கத்தில் நின்று தள்ளிவிட்டு, வழித்தெடுத்து, கல்லைக் கழுவிக் கவிழ்க்க ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அம்மா உணவகத்தில் அதே இட்லியை ஊற்றும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களுக்குத் தினக்கூலி உண்டு. 2023-இல் மகளிர் உரிமைத்தொகை என்று மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, வீட்டில் உழைக்கும் பெண்ணின் உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் அரசும் சொன்னது. அப்பாவின் நோட்டில் ஒரே ஒரு மாதம் இருந்துவிட்டுப் போன வரி, இத்தனை வருஷம் கழித்து எங்கோ திரும்ப எழுதப்பட்டதாக எனக்குப் பட்டது. தொகை போதுமா என்பது வேறு பேச்சு, எழுதப்பட்டதே பெரிது.

இழந்தது எதுவும் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. வீட்டு மாவுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் முறுகல் தோசை, மூன்றாம் நாள் புளிப்பேறியதும் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பம், அடியில் மிஞ்சியது பணியாரம். மார்கழிக் குளிரில் மாவு எழும்பாது, கரைத்து அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சித்திரையில் விட்டால் விடிவதற்குள் வழிந்து ஓடும். ஊரின் பருவம் சமையலறைக்குள் வந்து போகும் வழியாக அது இருந்தது. பாக்கெட் மாவு பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி இருக்கிறது, அது அதன் சௌகரியம், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கிறது. எதிர்வீட்டுக்குப் போன தூக்குவாளி திரும்பும்போது ஒருபோதும் வெறுமையாய்த் திரும்பாது. நாலு முருங்கைக்காயோ ஒரு கரண்டி மிளகாய்த் தொக்கோ அதில் இருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தக் கணக்கிலும் ஏறாத வரவு.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் ஓடுகிறது. மனைவி அளவு சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கிறார், நான் ஆட்டுகிறேன், மகன் வந்திருந்தால் கல்லைக் கழுவுவது அவன். உளுந்துத் துளி மிதக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் டம்ளரில் தண்ணீர் எடுத்து வைக்கிறேன். மிச்சமாகும் 90 ரூபாய் இப்போது வீட்டிலுள்ள எல்லாருடைய உழைப்பிலும் வருவதால், அதை மிச்சம் என்று கூசாமல் சொல்ல முடிகிறது. முடியாத வாரத்தில் பாக்கெட் வாங்குகிறோம், அதற்காக யாரும் யாரையும் ஒரு சொல் சொல்வதில்லை. கடையில் மாவுப் பாக்கெட் எடுக்கும் மருமகளிடம், எங்கம்மா அந்தக் காலத்தில் கையாலேயே ஆட்டினார்கள் என்று சொல்ல வாயெடுக்கும் என் வயது ஆண்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஆட்டினார்கள், உண்மை, அந்த ருசிமேல் அவ்வளவு ஆசை இருந்தால் இன்று ராத்திரி அரிசியை நீங்கள் ஊறப்போடுங்கள். ஒரு கிலோவுக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மாவு நன்றாகவே வரும்.