பூதத்துக்கு எத்தனை பல்?

கேள்வி: கண்ணைப் பறிக்கும் கிராஃபிக்ஸ் கேம்கள் கொட்டிக் கிடக்கும்போது, வெறும் எழுத்தாலான ஆன்லைன் விளையாட்டை இன்னுமா ஆடுகிறார்கள்?

பதில்: ஆடுகிறார்கள், அதுவும் காலணா செலவில்லாமல்! 'மட்' எனப்படும் இந்த வகை, 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் கைவண்ணத்தில் பிறந்தது. டெரி பிராட்செட்டின் நாவல் உலகில் நடக்கும் 'டிஸ்க்வேர்ல்ட் மட்' 1991-ல் தொடங்கியது, இன்றும் இலவசம்தான்.

'நார்த்' என்று தட்டினால் அடுத்த அறையின் வருணனை நாலு வரியில் வந்து விழும். உள்ளே பூதம் இருந்தால், அதற்கு எத்தனை பல் என்பதை உங்கள் பயமே முடிவு செய்துகொள்ளும். அந்த வேலையை எந்த கிராஃபிக்ஸ் கார்டாலும் செய்ய முடியாது! பக்கத்தில் நிற்கும் மந்திரவாதியோ எங்கோ ஒரு நாட்டில் கீபோர்டு தட்டும் நிஜ மனிதர். அவரோடு கூட்டுச் சேர்ந்து அடித்தால்தான் பூதம் சாயும்.

எனக்கு இதில் உயிரான விஷயம் வேறு. எல்லாமே எழுத்து என்பதால், பார்வையற்றவர்கள் ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கக் கேட்டபடியே மற்றவர்களுக்குச் சரிசமமாக வாள் வீசுகிறார்கள். இருட்டுக் குகைக்குள் அவர்கள் முன்னே நடக்க, பார்வையுள்ளவர்கள் பின்தொடர்வதும் உண்டு. தமிழில் இப்படி ஒன்று வரட்டும், முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்!