ஆறு வித்தியாசங்கள்

2025 ஜனவரியில் வால்மார்ட் தன் லோகோவை மாற்றியது. மாற்றியதாக அறிவித்தது என்றால் இன்னும் பொருத்தம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வாரப் பத்திரிகையின் ‘ஆறு வித்தியாசங்கள்’ பக்கம்தான். இதில் ஆறு தேறாது. எழுத்து கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. பெயருக்குப் பின்னால் நிற்கும் மஞ்சள் பொறியின் கதிர்களும் கூடவே பூசினாற்போல் ஆகியிருக்கின்றன. நீலம் சற்றுத் தூக்கல். அவ்வளவுதான்.

ஆனால் விளக்கத்தைக் கேட்க வேண்டுமே! எழுத்துக்கு முன்மாதிரி, நிறுவனர் சாம் வால்டன் போட்டிருந்த லாரி டிரைவர் தொப்பியாம். நீலத்துக்கு ‘ட்ரூ ப்ளூ’ என்று நாமகரணம். (அப்படியானால் இத்தனை வருஷம் இருந்தது பொய் நீலமா?) மஞ்சளுக்கு ‘ஸ்பார்க் யெல்லோ’. கோடிகள் குவிந்த பிறகும் பழைய ஃபோர்டு பிக்கப் வண்டியை விடாமல் ஓட்டிய சிக்கனக்காரர் அந்த வால்டன். தன் தொப்பியைப் பார்த்து எழுத டிசைன் கம்பெனிக்குப் பணம் கட்டுவார்கள் என்று தெரிந்திருந்தால், தொப்பியைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருப்பார்.

2008இல் செய்த லோகோ மாற்றமாவது கண்ணில் பட்டது. பெயரின் நடுவே நின்ற நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டு, கடைசியில் இந்தப் பொறியை நட்டார்கள்.

2010இல் கேப் துணிக்கடைக்காரர்கள் லோகோவை மாற்றி, ஜனங்கள் போட்ட கூச்சலில் ஒரே வாரத்தில் பழையதற்கே ஓடினார்கள். வால்மார்ட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழையதற்கே திரும்பிவிட்டோம் என்று நாளை அறிவித்தால் போதும். போர்டைக் கழற்றக்கூட வேண்டாம்.