ஆறு மணிக்கே இருட்டிருச்சு, அண்ணாச்சி!

நவம்பர் பிறந்துவிட்டால் சிவகாசி டீக்கடைகளில் இந்தப் புலம்பலும் சூடாகக் கிடைக்கும். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூடத் தேறாது. அங்கே மனச்சோர்வு போக விளக்கின் முன் உட்காருகிறார்கள். இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரமும் கொசுறும்தான். அதைப் பற்றிப் பேசவே அதற்கு மேல் ஆகிறது. இத்தனைக்கும் நவம்பர் பாதிக்குப் பிறகு சூரியன் நாளுக்கு நாள் தாமதமாகத்தான் மறைகிறது. பகல் சுருங்குவது காலைப் பக்கம். காலையில் எழுந்தவர்களுக்கல்லவா அது தெரியும்?

இருட்டைக் குறை சொல்லப் பட்டாசு செய்யும் இந்த ஊருக்குத் தகுதியும் இல்லை. மத்தாப்பும் புஸ்வாணமும் பகலில் யாருக்கு வேண்டும்? ஆனால் அவற்றைச் செய்வது பகல் வெளிச்சத்தில். கொளுத்தவும் கணக்கு உண்டு: 2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் என்றது; தமிழக அரசு அதைக் காலை 6–7, இரவு 7–8 என்று பங்கு போட்டது.

பன்னிரண்டு மணி நேர இருட்டில் சட்டப்படி செலவாவது ஒரு மணி நேரம். மீதியைப் புலம்பித்தானே தீர்க்க வேண்டும்!