பெயர் மறைத்த புட்டி

கேள்வி: விஸ்கி ரசிகர்கள் ஒன்றுகூடி, புட்டியின் பெயரை மறைத்துவிட்டு ருசி பார்க்கிறார்களாமே, பெயர் தெரிந்தால் ருசி குறைந்துவிடுமா?

பதில்: குறையாது, கூடிவிடும், அதுதான் அபாயம்! விலையும், வயதும், வடிசாலையின் கீர்த்தியும் நாவுக்கு முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகின்றன. நிறத்தையும் நம்புவதற்கில்லை, ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கேரமல் சேர்ப்பதை 2009ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிகளே அனுமதிப்பதால், பொன்னிறம் முதிர்ச்சிக்குச் சாட்சியாகாது என்பதை அறிந்த நிபுணர்கள், நிறம் புலப்படாத நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் விஸ்கியை வார்த்து, நீர் கலந்து, நாவைவிட நாசியையே பிரதானமாகக் கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவென்றாலே புகைமணம்தான் என்று சாதிக்கும் ரசிகர், அதே தீவில் பெரும்பாலும் பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகை படாத மால்ட்டைக் கொண்டே விஸ்கி வடிக்கும் புன்னஹாவன் வடிசாலையின் சரக்கைப் பெயரறியாமல் பருகினால், அது வேறு பிரதேசத்தது என்று சத்தியமே செய்துவிடக்கூடும்.

ஆயினும் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. எல்லோரும் தத்தம் அபிப்பிராயத்தைக் காகிதத்தில் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கலாகாது. ஏனெனில், கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ‘தேன் மணக்கிறது’ என்று சொல்லிவிட்டால், அடுத்த க்ஷணமே அத்தனை நாசிகளிலும் தேன் மணக்கத் தொடங்கிவிடும்.