நாலில் ஒன்று: ஜப்பானிய மொழித் தேர்வர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், சென்னை உட்பட உலகின் பல நகரங்களில் ஒரு வகை மனிதர்கள் கூடுகிறார்கள். கையில் பென்சில், அழிப்பான், நுழைவுச் சீட்டு. உதடு அசையும், ஓசை வராது. கண் திறந்திருக்கும், எதிரே நிற்பவர் தெரியமாட்டார். இவ்வினத்தைத் 'தேர்வர்' என்று இக்கட்டுரை குறிக்கும். இவர்கள் எழுதவிருப்பது ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வு.

இத்தேர்வு ஜப்பானிய மொழியறிவை அளக்கிறது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மெல்ல அசைத்துப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயையும் பென்சிலையும் அடக்கி வைத்திருக்கும் ஆற்றல் எவருக்கு எவ்வளவு என்பதையே இத்தேர்வு அளக்கிறது என்பது எம் கருதுகோள்.

2. வரலாற்றுப் பின்னணி

இத்தேர்வு 1984-ல் தொடங்கியது. முதல் ஆண்டு எழுதியவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். 2019-ல் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தொடக்கத்தில் நான்கு நிலைகள் இருந்தன. மூன்றாம் நிலையில் தேறியவர் இரண்டாம் நிலையைத் தொட முயன்று நடுவிலிருந்த பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்ததால், 2010-ல் இடையில் ஒரு படிக்கல் போட்டு ஐந்து நிலைகளாக்கினார்கள். என்5 அடிவாரம், என்1 உச்சி.

அதே 2010-ல் ஜப்பானிய அரசு, அன்றாடப் பயன்பாட்டுக்கான கான்ஜி எழுத்துகளின் பட்டியலை 1,945-லிருந்து 2,136 ஆகக் கூட்டியது. இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல் என்பர் வரலாற்றாசிரியர். தேர்வர் எவரும் இதை நம்பியதாகச் சான்றில்லை.

இன்னொரு மாற்றமும் அப்போது நேர்ந்தது. பழைய தேர்வில் எந்த நிலைக்கு எத்தனை சொல், எத்தனை எழுத்து என்று நூலே போட்டிருந்தார்கள். அடிநிலைக்கு 800 சொல், 100 கான்ஜி. மேல்நிலைக்கு 10,000 சொல், 2,000 கான்ஜி. புதிய தேர்வுக்கு அப்படி அதிகாரபூர்வப் பட்டியல் கிடையாது. எது வரும் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் படிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் எதையுமே படிக்காத ஒரு பேரமைதி மனத்தில் வந்து அமரும். டிசம்பர்த் தேர்வரிடம் அக்டோபரில் இது முற்றிய நிலையில் காணப்படும்.

நிலைகளின் எண்வரிசை தலைகீழாக இருப்பதன் சமூகப் பயனையும் பதிவு செய்ய வேண்டும். பின்வரும் உரையாடல் கல்யாண வீடுகளில் கேட்கத்தக்கது.

"என்5 பாஸ் பண்ணிட்டேன் மாமா."

"அடேயப்பா! ஒண்ணுல ஆரம்பிச்சு அஞ்சு வரைக்கும் போயிட்டியா?"

"ஏதோ, உங்க ஆசீர்வாதம் மாமா."

இவ்விடத்தில் மாமாவைத் திருத்திய தேர்வர் ஒருவரும் எம் ஆய்வில் அகப்படவில்லை.

3. தேர்வர் வகைப்பாடு

தேர்வர் நால்வகைப்படுவர்.

முதலாமவர் அட்டையர். 2006-ல் வெளியான அன்கி என்னும் செயலியே இவருக்கு உயிர். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு சொல்லைத் திரும்பக் காட்டுவது அதன் வேலை. ஒருநாள் ஊருக்குப் போய்வந்தால் அன்றைய அட்டைகளும் நேற்றைய அட்டைகளும் சேர்ந்து வட்டிபோட்டு நிற்கும். கடனை அடைப்பதற்காகவே படிப்பவர் இவர்.

இரண்டாமவர் நூல் திரட்டுநர். 'மின்னா நோ நிஹொங்கோ', 'ஷின் கன்ஸென் மாஸ்டர்', 'சோமத்தோமே' என்று வரிசையாக வாங்கி அடுக்குவார். எந்த நூலை எடுத்தாலும் முதல் பாடத்தில் அடிக்கோடும் காப்பிக் கறையும் தென்படும். நான்காம் பாடத்திலிருந்து அச்சகத்து மணம் மாறாதிருக்கும். மின்னா நோ நிஹொங்கோவில் வரும் மில்லர் என்னும் அலுவலரைத் தம் உறவினரைவிட நன்கு அறிவார். ஆனால் மில்லருக்குப் பிற்பாடு வாழ்க்கையில் என்ன நேர்ந்தது என்று இவருக்குத் தெரியாது.

மூன்றாமவர் அனிமேயர். இவர் பாடநூல் தொட்டதில்லை, ஆயினும் கேட்பதில் சூரர். இவருடைய ஜப்பானியம் கடற்கொள்ளையரிடமும் வாள்வீரரிடமும் பயின்றது. நேர்முகத்தில் மேலாளரை இவர் விளிக்கும் முறை, இருவரும் அடுத்து மோதப்போகிறார்கள் என்ற ஐயத்தை உண்டாக்கும்.

நான்காமவர் கடைசி வாரத்தார். இவரை விளக்க வேண்டியதில்லை. ஏனைய மூவரும் கடைசி வாரத்தில் இவராகவே மாறிவிடுகிறார்கள்.

4. தமிழ் நாக்கின் சாதக பாதகங்கள்

தமிழருக்கு இம்மொழி எளிது என்று பயிற்சி வகுப்புகள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஜப்பானிய உயிரெழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ. அதன்பின் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹகரத்தின் இடத்தில் பண்டு பகரமே ஒலித்தது என்பர் மொழியியலார். பகரத்தை வைத்துப் படித்தால் நம் அரிச்சுவடியைப் பிறர் வீட்டில் பார்த்தது போலிருக்கும். வடமொழி பயின்ற பௌத்தத் துறவிகள் வழியே சென்ற வரிசை அது.

வாக்கிய அமைப்பும் அப்படியே. 'நேற்று என் நண்பன் கடையில் வாங்கிய குடை' என்பதைச் சொல் மாற்றாமல் அதே வரிசையில் ஜப்பானியத்தில் சொல்லலாம். வினை கடைசியில் வரும். பார், வை, விடு என்ற துணைவினைகள் நம்மிடம் செய்யும் வேலையை அங்கே மிரு, ஒகு, ஷிமவு செய்கின்றன. நாம் சாப்பிட்டுப் பார்க்கிறோம், எழுதி வைக்கிறோம், தொலைத்து விடுகிறோம், அவர்களும் அவ்வாறே. நீளமான பொருட்களை எண்ணும்போது ஒன்றுக்கு 'இப்பொன்', மூன்றுக்கு 'சம்பொன்' என்று ஒலி மாறுவது பிறநாட்டாரைத் திணறடிக்கும். இரட்டித்தால் வலிந்தும் மெல்லினத்தை அடுத்தால் மெலிந்தும் பகரத்தை ஒலிப்பது தமிழருக்குத் தொட்டில் பழக்கம்.

சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளும் உறவுடையவை என்று நூல்கள் எழுதினார். மொழியியலாளரில் பெரும்பாலோர் ஒப்பவில்லை. அவர் சொன்னது சரியோ தவறோ, தேர்வு அறையில் உறவுமுறைக்கு மதிப்பெண் இல்லை.

பாதகத்தையும் சொல்லிவிட வேண்டும். 'கின்' என்பதன் ககரத்தை வலித்துச் சொன்னால் தங்கம், மெலித்துச் சொன்னால் வெள்ளி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கின்தான். ஒலிம்பிக் செய்தியைக் கேட்டு, தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் தேர்வர் இரண்டாமிடம் வந்தவருக்கும் தங்கம் வழங்கிவிடுகிறார். அவ்வாறே, வானிலையும் மின்சாரமும் நமக்குத் 'தென்கி' என்ற ஒரே வடிவில் வந்து நிற்கின்றன. மழையில் கரண்ட் போகும் ஊரில் இது பெரிய பிழையாகத் தோன்றுவதில்லை. விடைத்தாள் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை.

5. கேட்டல் பகுதி: விலக்கல் விதிகள்

இனி ஆய்வின் மையப் பகுதி. கேட்டல் தேர்வில் உரையாடல் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். 'என்ன?' என்று திருப்பிக் கேட்க ஆளில்லை. இருபது தடவை 'என்ன?' கேட்டு ஒரு செய்தியைப் பெறும் பண்பாட்டிலிருந்து வந்தவருக்கு இது அதிர்ச்சியே. பெரும்பாலான பகுதிகளில் முதலில் ஓர் எடுத்துக்காட்டுக் கேள்வி வரும். அது எல்லாருக்கும் விளங்கும். அதில் பிறக்கும் தன்னம்பிக்கை முதல் கேள்வியின் நடுப்பகுதி வரை நீடிக்கும்.

கேள்விகளின் மாதிரியைக் காட்ட, அலுவலகப் பெண் ஒருவருக்கும் அவர் மேலாளருக்கும் இடையே ஆய்வாளர் சொந்தமாகக் கட்டிய உரையாடல் இது.

"கூட்டத்துக்குத் தாள்களை நகல் எடுக்கட்டுமா ஐயா?"

"அதைத் தனகா எடுத்துவிட்டார்."

"அப்படியானால் அறையில் நாற்காலி போட்டுவிடுகிறேன்."

"அது சாப்பாட்டுக்குப் பிறகு போதும். ஆமாம், வருவோர் பட்டியல் அனுப்பிவிட்டீர்களா?"

"நேற்றே அனுப்பினேன். ஆனால் யமதா வரவில்லையாம்."

"அப்படியா? உணவகத்துக்கு உடனே சொல்லிவிடுங்கள், ஒரு சாப்பாடு குறையட்டும்."

கேள்வி: இந்தப் பெண் முதலில் என்ன செய்ய வேண்டும்?

அனுபவமற்ற தேர்வர் நகல் என்ற சொல் காதில் விழுந்ததுமே பென்சிலை இறக்கிவிடுகிறார். முதிர்ந்தவரோ தனகா என்ற பெயரைக் கேட்டுப் புன்னகைக்கிறார். ஜப்பானியக் கேட்டல் தேர்வின் அலுவலகங்களில் செய்யத்தக்க வேலைகளை வேறொருவர் எப்போதும் முன்பே முடித்திருப்பார். இதிலிருந்து நான்கு விதிகள் பெறப்படும்.

விதி 1. முதலில் பேசப்படும் வேலை விடையாகாது.

விதி 2. காதில் விழுந்த சொல் மாறாமல் எந்த விடையில் நிற்கிறதோ அதைக் கண்டு அஞ்ச வேண்டும்.

விதி 3. 'ஆனால்' என்பதற்கு முன் சொன்னவை யாவும் கழிந்தன; பின் வருவதே நின்றது.

விதி 4. வாக்கியத்தை முடிக்காமல் இழுத்தால் அது மறுப்பு. 'ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு வருகிறீர்களா?' என்றால் ஜப்பானியர் 'ஞாயிறு கொஞ்சம்...' என்று நிறுத்துவார். வரமாட்டார் என்று பொருள். 'பாக்கலாம்' என்ற விடையோடு வளர்ந்த தமிழருக்கு இவ்விதியில் பயிற்சி தேவையில்லை.

6. வாசித்தல் பகுதி

வாசித்தலில் துண்டறிக்கைகளே சிறப்புடையன. நகராட்சி நீச்சல் குளம், பகுதிநேர வேலை விளம்பரம், குப்பை எடுக்கும் நாள் என்று ஏதேனும் ஒன்று கட்டம் போட்டு நிற்கும். ஒருவருக்குச் செவ்வாய் மாலையும் சனி காலையும் ஓய்வு, மகளுக்கு ஏழு வயது, வேறு ஊரில் வசிக்கிறார், கட்டணம் எவ்வளவு? இதற்கு விடை காண்பவர், தம் வீட்டுக் குப்பை வண்டி என்றைக்கு வருகிறது என்று அறியாதவராகவே இருப்பார்.

அடுத்தது, வாசித்தலோடு ஒட்டிவரும் இலக்கணப் பகுதியின் நட்சத்திர வினா. ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக நறுக்கிக் கொடுத்து, வரிசைப்படுத்தினால் நட்சத்திரம் போட்ட இடத்தில் விழும் துண்டு எது என்று கேட்பார்கள். மூன்றை மிகச்சரியாக அடுக்கி, நான்காவதற்கு இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இதில் இயல்பு.

7. மதிப்பெண்ணியலும் ஒழுங்கு நடவடிக்கையும்

மொத்தம் 180. தேற வேண்டிய அளவு என்5-க்கு 80, என்4-க்கு 90, என்3-க்கு 95, என்2-க்கு 90, என்1-க்கு 100. மலை ஏறுகிறவருக்கு நடுவில் ஒரு சிறு இறக்கம் வருவதைக் காண்க. ஒரு பகுதியில் 60-க்கு 19 எடுக்கத் தவறினால் மற்றவற்றில் அள்ளிக் குவித்திருந்தாலும் பயனில்லை. சரியான விடைகளை எண்ணிக் கூட்டிப் பார்த்தும் மதிப்பெண்ணை அறிய முடியாது. அளவுமாற்ற மதிப்பெண் முறை என்பதால், ஒரே எண்ணிக்கையில் சரியாக எழுதிய இருவர் வேறு வேறு மதிப்பெண் பெறக்கூடும்.

வினாத்தாளை வெளியே கொண்டுவர முடியாது. ஆகவே தேர்வு முடிந்த மாலை, மைய வாசலில் தேநீரும் கையுமாக ஒரு பாட மீட்புப் பணி நடைபெறும். உ.வே.சா. ஏடு தேடிய ஊக்கத்தோடு ஒவ்வொருவரும் நினைவிலிருந்து ஒரு வரி கொண்டுவருவர். ஒரே கேள்விக்கு மூன்று பாடபேதங்கள் கிடைக்கும். மூன்றிலும் விடை வேறு.

கால்பந்தில் உள்ளதுபோலவே இங்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. சிறு மீறலுக்கு மஞ்சள். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. கேட்டல் நடக்கும்போது கைப்பேசி ஒலித்தால் நேரே சிவப்பு.

8. தடையும் விடையும்

பேசிக் காட்டும் தேர்வும் இல்லை, எழுதிக் காட்டும் தேர்வும் இல்லை, நாலில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும் என்ற தேர்வில் வென்றவர் எங்ஙனம் மொழியறிந்தவர் ஆவார் என்பது தடை. வலுவான தடைதான். உச்சியில் நிற்கும் என்1 சான்றிதழ்காரர் ஒருவர் டோக்கியோ தேநீர்க் கடையில் வாய் திறக்காமல் விரலால் சுட்டிக் காட்டி வாங்கிவருவது நடக்கக்கூடியதே.

விடை வருமாறு. ஜப்பானின் உயர்திறன் பணியாளர் விசாப் புள்ளிக் கணக்கில் என்1-க்கு 15 புள்ளியும் என்2-க்கு 10 புள்ளியும் கிடைக்கின்றன, வேண்டியது 70. ஆகவே பயன் இல்லாமலில்லை. பேசும் பயிற்சியை இத்தேர்வு தருவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் தனகாவிடமும் யமதாவிடமும் பல மாதம் பட்டவர், எதிரே இருப்பவரின் கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்கப் பழகிவிடுகிறார். வினை கடைசியில் வரும் மொழியில் அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு எதிராளி வருகிறாரா, வரவில்லையா என்பதே தெரியாது. தமிழிலும் வினை கடைசியில்தான் வருகிறது. அதுவரை யார் காத்திருக்கிறார்கள்?

9. முடிபும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. பரிந்துரைகள் நான்கு. குடும்பக் கூட்டங்களிலும் அலுவலகக் கூட்டங்களிலும் ஒரே தடவைதான் சொல்லப்படும் என்ற விதியை நடைமுறைப்படுத்தலாம். பேச்சுக்கு மதிப்பெண் இல்லை என்பதற்காகப் பேசாமலிருக்க வேண்டாம். கேட்க ஆள் கிடைத்தால் ஜப்பானியத்தில் தவறாகவேனும் பேசிவிடுங்கள். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் அவசரமில்லை என்று நினைத்து இந்த முறை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்வன்று கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.