கடல் மீன் தொட்டிக்கு ஃபில்டர் வாங்குவது எப்படி?

1. முதலில் மீனை வாங்குங்கள். ஃபில்டர் எங்கே ஓடிவிடப் போகிறது? ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய், குழந்தை கை காட்டுகிற ‘நீமோ’ இரண்டு, நீல ‘டோரி’ ஒன்று பாலிதீன் பையில் கட்டி வாங்குங்கள். டோரி ஓரடி வரை வளரும். உங்கள் தொட்டியே இரண்டடிதான் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

2. அன்று மாலையே மீனைத் தொட்டியில் விடுங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகுமாம். வாடகைக்கு வருகிறவர்கூட அவ்வளவு நாள் எடுப்பதில்லை. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது? அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பது உங்களுக்குப் பெரிய சௌகரியம்.

3. இனி ஃபில்டர். சோபா நிறத்துக்குப் பொருந்த வேண்டும். சீரியல் பார்க்கும்போது சத்தம் வரக்கூடாது. வேறென்ன? அட்டைப்பெட்டியில் ‘மணிக்கு 1,000 லிட்டர்’ என்று போட்டிருந்தால் அப்படியே நம்புங்கள். உள்ளே பஞ்சு வைக்காமல், தண்ணீரை மேலே ஏற்றாமல் போட்ட கணக்கு அது.

4. “சார், கடல் தண்ணிக்கு ஸ்கிம்மர் வேணும்” என்பார் கடைப் பையன். சிரித்து மழுப்புங்கள். அது பொடிக் குமிழிகளை ஊதி, மீன் கழிவையும் மிஞ்சிய தீனியையும் அழுகுவதற்கு முன்பே நுரையோடு மேலே தள்ளிக் கோப்பையில் ஒதுக்குகிற கருவி. கோப்பையைக் கழற்றினால் டிகாஷன் நிறத்தில் ஒரு திரவம், விளிம்பெல்லாம் பிசுக்கு, குமட்டுகிற நாற்றம். அதே சரக்கு தொட்டிக்குள்ளேயே கரைந்து கிடந்தால் யாருக்கும் நாறாது. பிடிவாதமாக வாங்கித்தான் ஆவேன் என்றால், இரவில் அணைத்துவிடுங்கள். தூக்கம் முக்கியம்.

5. பாக்டீரியா தங்க லைவ் ராக் என்கிற கடல் பாறை நல்லதுதான், ஆனால் விலை. ராமேஸ்வரம் பக்கம் போகும் உறவினரிடம் பவளம் ஒரு துண்டு எடுத்து வரச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் பவளமும் புலியும் ஒரே அட்டவணையில் இருப்பதை அவர் செக்போஸ்டில் தெரிந்துகொள்வார்.

6. வாரம் தவறாமல் ஃபில்டரைப் பிரியுங்கள். பஞ்சு, செராமிக் வளையம் எல்லாவற்றையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில், ஒரு பாக்டீரியாகூட மிஞ்சாமல் அலசுங்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளி எடுத்து அதில் லேசாக அலசுபவர்கள் சோம்பேறிகள்.

7. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டரை டிவிக்குக் கொடுங்கள். நின்றுபோன கேனிஸ்டர் ஃபில்டரின் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் நேரே தொட்டிக்குள் பாயும். மோட்டார் ஓடுகிறதா? ஓடுகிறது. அப்புறமென்ன.

8. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று அர்த்தம். இன்னும் இரண்டு சிட்டிகை தீனி போடுங்கள்.