ஆடியில் போட்ட லினக்ஸ்

கம்ப்யூட்டர் வேலை என்றால் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு. டெஸ்க்டாப் புரோகிராம் எழுதுகிறேன் என்று விளக்கிச் சொன்னால், கொடுத்த மரியாதையில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஈரோட்டில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் கேட்பார், "தம்பி எந்தக் கம்பெனிங்க?" கம்பெனி இல்லைங்க, ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டிக்கெல்லாம் பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன் என்பேன். "அது ஃபோன்ல வருங்களா?" வராதுங்க, மேசை மேல் இருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் வரும். "ஓ" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள். அதோடு அவர் ரசத்தில் கவனமாகிவிடுவார்.

என் பிழைப்பு விஷுவல் பேசிக் 6, சுருக்கமாக விபி6. அது வந்தது 1998இல். அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008இலேயே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டது. ஆனால் எழுதி முடித்த புரோகிராம்களை என்ன செய்வது? என்னைப் போன்ற ஆசாமிகள் உலகம் முழுக்க எழுதித் தள்ளியவை இன்னும் கல்லாப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் அவை ஓடத் தேவையான கோப்பை விண்டோஸ் 11 வரைக்கும் கூடவே வைத்து அனுப்புகிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று, என் புரோகிராம் நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறது என்று வீட்டில் சொன்னேன். "அவங்களாச்சும் கவலப்படறாங்களே" என்றாள் என் மனைவி.

டெஸ்க்டாப் புரோகிராமின் அருமை பெருமை எனக்குத் தெரியும், கல்லாவில் உட்காருகிறவருக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. இன்டர்நெட் போனால் போகட்டும், பில் வரும். எஃப்2 அடித்தால் புது பில், எஃப்9 அடித்தால் பிரிண்ட். நடுவில் மவுஸ் என்ற பேச்சே கிடையாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு நேரடியாகப் பேசலாம்: எழுத்தைச் சுருக்கு என்பதற்கு 15 என்ற எண்ணை அனுப்ப வேண்டும், பழையபடி விரி என்பதற்கு 18. அந்த 18ஐ அனுப்ப விட்டுப்போன ஒரு வாரம், மண்டிக்கு வந்த விவசாயிகள் எல்லாரும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சம் தேடி வாசலுக்கு வந்து நின்றார்கள். மண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை. "புது மாடல்ங்க, பேப்பர் மிச்சம்" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். சரி செய்து கொடுத்தபோதுதான் திட்டினார்.

முன்னேறாமலே இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முன்னேற எல்லா முயற்சியும் செய்தாயிற்று. 2002இல் வின்ஃபார்ம்ஸ் வந்தது, இனி இதுதான் என்றார்கள், ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். 2006இல் டபிள்யூபிஎஃப் வந்தது, இனி இதுதான். அடுத்த வருடமே சில்வர்லைட், 2012இல் மெட்ரோ, 2015இல் யுடபிள்யூபி, 2022இல் மாவி. இனி இதுதான், இனி இதுதான். விண்டோஸில் ஒரு ஜன்னலைத் திறந்து அதில் ஒரு பொத்தானை வைப்பதற்கு இத்தனை சாஸ்திரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் வாங்கி, மூன்றாம் அத்தியாயம் வரை படித்து, அடுத்தது வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மானிட்டருக்கு அடியில் வைத்துவிடுவேன். இன்று என் மானிட்டர் கண் மட்டத்துக்குச் சரியாக வந்து நிற்கிறது. கழுத்து வலிக்குப் பார்த்த டாக்டரே பாராட்டினார்.

இப்போது இளைஞர்களிடம் கேட்டால் எலக்ட்ரான் என்பார்கள். புரோகிராமை வெப் பக்கமாக எழுதி, அதோடு குரோமியம் பிரவுசரையே முழுசாகக் கட்டி அனுப்பிவிடுவது. ஒரு பிளேட் இட்லி பார்சல் கேட்டால், இட்லியோடு குண்டான், கேஸ் அடுப்பு, மாஸ்டர் எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிற ஏற்பாடு இது. நாலு புரோகிராம் திறந்தால் நாலு மாஸ்டர்கள் ஒரே அடுக்களையில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்குகிற என் பில்லிங் புரோகிராமைப் பற்றி இதைவிடப் பெருமையாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஃப்ளாப்பி என்றால் என்னவென்று கேட்டாள் மகள். அத்தோடு அந்தப் பெருமையும் முடிந்தது.

விண்டோஸில் சம்பாதித்து விண்டோஸிலேயே வாழ்வது எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியதும் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம்களைப் போட்டுப் பார்ப்பேன். சிலருக்குச் சீட்டாட்டம், எனக்கு இது. ஆரம்பித்து வைத்தது உபுண்டு என்ற லினக்ஸ். 2004இல் வந்த புதிதில், கேட்டவர்களுக்கெல்லாம் சீடியை வீட்டுக்கே இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். எனக்குக் கல்யாணமான சமயம். வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கவர் மாமனார் கையில் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கவரைப் பிரித்து, இலவசமாகக் கொடுத்த வட்டத் தகடு என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து அவர் என்னைப் பார்க்கிற பார்வை இன்றுவரை மாறவில்லை.

என் உண்மையான காதல் ஹைக்கூ. ஜப்பானியக் கவிதையைச் சொல்லவில்லை, அந்தப் பெயரில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது. ஆப்பிளிலிருந்து வெளியே வந்த ழான் லூயி காசே என்ற பிரெஞ்சுக்காரர் 1990இல் ஒரு கம்பெனி தொடங்கி பீஓஎஸ் என்று ஒன்றைச் செய்தார். 1996இல் ஆப்பிள் அதை வாங்குவதாகப் பேச்சு நடந்தது. விலை படியவில்லை, ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் 2001இல் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு எல்லாவற்றையும் பாம் கம்பெனிக்கு விற்க வேண்டியதாயிற்று. அதைச் சாகவிடக் கூடாது என்று அதே வருடம் சில தன்னார்வலர்கள் முதலிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்ததுதான் ஹைக்கூ.

அதில் ஒரு அழகு உண்டு. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி இழை. பின்னால் எவ்வளவு பெரிய வேலை நடந்தாலும் முன்னால் இருக்கிற ஜன்னல் உறைந்து நிற்காது. விபியில் நான் படுகிற பாடு தெரிந்தால்தான் இதன் அருமை உங்களுக்குப் புரியும். அங்கே இருப்பது ஒரே இழை. பிரிண்ட் ஓடுகிறபோது திரை வெளுத்து நின்றுவிடும். அதற்காக நடுவில் டூஈவென்ட்ஸ் என்று ஒரு வரி சேர்ப்போம்: கொஞ்சம் நிறுத்தி, யாராவது ஏதாவது கீயை அடித்தார்களா என்று பார். அடித்திருப்பார். கல்லாக்காரர் எஃப்9ஐ இன்னொரு தடவை அடித்திருப்பார். முதல் பில் பாதியில் இருக்கும்போதே இரண்டாவது பில் அதன் வயிற்றிலிருந்து கிளம்பும். வேட்டி வாங்கியவருக்கு அடுத்த ஆளின் பட்டுப்புடவையும் சேர்ந்து பில்லாகும். இந்தப் பிரச்சினையே வராதபடி அந்தப் பிரெஞ்சுக்காரர் கம்பெனியில் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

ஹைக்கூ சில விநாடியில் திறந்துவிடும். திறந்த பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. 2001இல் ஆரம்பித்த வேலை, 2018இல் முதல் பீட்டா வந்தது, 2024இல் ஐந்தாம் பீட்டா வந்திருக்கிறது, இன்னும் முடியவில்லை, எவ்வளவு பொறுமை பார் என்று மனைவியிடம் சிலாகித்தேன். "நம்ம மாடிப்படிக் கைப்பிடியும் பீட்டாவுலதானுங்க நிக்குது" என்றாள்.

ரியாக்ட்ஓஎஸ் என்று இன்னொன்று. விண்டோஸ் புரோகிராம்களை விண்டோஸ் இல்லாமலே ஓட்ட வேண்டும் என்று 1996இலிருந்து எழுதுகிறார்கள். இன்னும் ஆல்ஃபா, தினசரி உபயோகத்துக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். எல்லாமே விண்டோஸைப் போல நடக்க வேண்டும் என்பது லட்சியமாகையால், செத்துப்போனால் காட்டுகிற நீலத் திரையையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ராத்திரி விளையாட்டாகவே இருந்திருக்கும். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிகிறது என்ற செய்தி என்னைக் கெடுத்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் சிப்பு அநேகமாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆறாம் தலைமுறை. வருடக்கணக்கில் காத்திருந்த வாய்ப்பு இது. குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, சுதந்திரம், பாதுகாப்பு, வைரஸ் பயமின்மை என்று ஒரு உரை நிகழ்த்தி, இனி நம் வீட்டில் லினக்ஸ் என்று அறிவித்தேன். மகள் ஃபோனிலிருந்து தலையை எடுக்கவில்லை. மனைவி மட்டும் கேட்டாள், "ஏனுங்க, ஆடி மாசத்துல யாராச்சும் புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா?" மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு அன்றைக்கே போட்டேன்.

ஆவணி பிறந்தது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸைத் திருத்த மாமனார் பென்டிரைவோடு வந்தார். கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் முழுக்க. விஷயம் இதுதான்: நோட்டீஸை அடித்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதில் மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் உள்ளுக்குள் அரைப்புள்ளி. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்று உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இத்தனை வருடம் புரோகிராம் எழுதிய கண்ணுக்கு வரிக்கு வரி அரைப்புள்ளியைப் பார்த்ததும் என்ன தோன்றும்? "மாமா, இது நோட்டீஸ் இல்லீங்க, சி புரோகிராம்" என்றேன். அவர் அமைதியாக, "அதுல அன்னதானம்னு எங்கீங்க மாப்ள போட்டிருக்குது?" என்றார். எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து உரிய இடத்தில் வைத்தால் அரை நிமிஷ வேலை. அதைத் தேடி எடுப்பதற்குள் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிடிபி கடைக்குப் போய் முடித்துக்கொண்டு வந்துவிட்டார். "அந்தப் பையன் நல்ல கம்ப்யூட்டரா வெச்சிருக்கானுங்க" என்று பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மனைவி நூல் வியாபாரம் செய்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறாள். மாதா மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்ய வேண்டும், கம்பெனி என்பதால் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகித்தான் கையெழுத்துப் போட வேண்டும். லினக்ஸில் டோக்கன் வேலை செய்யாதா? செய்யும். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு நீளக் கட்டளையை அடித்தால் செய்யும். அதைப் பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு நான் கோபிசெட்டிபாளையம் போய்விட்டேன். என் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும் எல் என்ற எழுத்தும் ஒன்றாகத்தான் இருக்கும். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், என் கணக்கில் எழுதப்பட்டது. கடைசியில் அவள் தெருமுனை நெட் சென்டரில் தாக்கல் செய்திருக்கிறாள். "உங்க வீட்டுக்காரரு கம்ப்யூட்டர் வேலைதானுங்களே?" என்று அந்தப் பையன் கேட்டானாம். "அவரு வேற கம்ப்யூட்டருங்க" என்றாளாம். அடுத்த வாரமே தவணையில் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்று வந்து இறங்கியது. பழைய கம்ப்யூட்டர் லினக்ஸோடு எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டது. நான் கேட்டதும் அதுதானே.

புரட்டாசியில் ஜிஎஸ்டி மாறியது. ரெடிமேட் துணிக்கு அதுவரை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. செப்டம்பர் 22 முதல் 2,500 வரை 5, அதற்கு மேல் 18. வரி விகிதத்தைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளும்படி தனி அட்டவணையில் வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்படி வைத்தால் அடுத்த தடவை என்னை யார் கூப்பிடுவார்கள்? அதனால் 12 என்று நேரடியாகவே எழுதியிருந்தேன்.

21ஆம் தேதி, மகாளய அமாவாசை ராத்திரி, ஜவுளிக்கடைக்காரர் ஃபோன் செய்தார். காலையில் கடை திறக்கும்போது மாறியிருக்கோணும். விபி6 என் லினக்ஸில் ஓடாது. ஆனால் நானா அசருவேன்? லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து, அதற்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை எழுப்பி, அதில் விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டி, அதில் விபி6ஐத் திறந்தேன். 12ஐயெல்லாம் ஒரேயடியாக 18 ஆக்கினால் வருடத்துக்கு 18 மாதம் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு 12ஐயும் நிறுத்தி, நீ வரியா மாதமா என்று விசாரித்து மாற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மகள் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளியைப் பார்த்து நின்றாள். "அப்பா, இது விண்டோஸ்தானே?" லினக்ஸுக்குள்ள ஓடுது கண்ணு என்றேன். "அப்ப லினக்ஸ் எதுக்கு?" அடுக்களையிலிருந்து பதில் வந்தது: "விண்டோஸத் தொறக்கறதுக்குடி."

காலையில் கடைக்குப் போய்ப் பென்டிரைவிலிருந்து கோப்பைப் போட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7, இன்னொன்றில் 10, புதிதாக வாங்கியதில் 11. மூன்றிலும் முதல் அடியிலேயே ஓடியது. ராத்திரி முழுக்கக் கண் விழித்ததைச் சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் முதலாளி, "அவ்வளவுதானுங்களா? அஞ்சு நிமிஷங்கூட ஆகலயே" என்றார். சர்வீஸ் சார்ஜ் என்று நான் இழுத்தேன். "காசெல்லாம் எதுக்குங்க தம்பி, ஆயுத பூஜை வருது, நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக்கங்க" என்று தாராளமாகக் கையைக் காட்டினார். 1,200 ரூபாய்ச் சட்டை ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தேன். கல்லாக்காரர் எஃப்9 அடித்தார். ஒரே பில்தான் வந்தது. 5 சதவீதம், 60 ரூபாய், சுத்தமாக விழுந்திருந்தது. முதலாளி பில்லை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"வரிய மட்டும் நீங்க கட்டிருங்க தம்பி, அது கவர்மென்டுக்குப் போறது."